சாய்ஸில் விட்ட ஐந்தாவது யூனிட்

மறுதிறப்புத் தேர்வு என்றாலே எனக்குப் பிடிக்காது. அதற்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பொய் சொல்லுவார்கள், மீதிப் பேர் அழுவார்கள், இரண்டையும் சேர்த்துச் செய்கிற சமர்த்தர்களும் உண்டு. இயற்பியல் துறையில் யாரும் இந்த வேலைக்கு ஒப்பவில்லை. ஒரு கூட்டத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் நான் ஏதோ சொல்லப்போக, ஆவுடையப்பன் சார்தான் இதற்குப் பொருத்தம் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். பாளையங்கோட்டையில் வாயால் கெட்டவர்களைக் கணக்கெடுத்தால் என் பேர் முதலில் வரும்.

இயற்பியல் வளர்ந்து வளர்ந்து, வெறும் மண்டை தாங்காது என்கிற அளவுக்குப் போய்விட்ட காலம் இது. அதனால் படிக்கச் சேருகிற அன்றே காதுக்குப் பின்னால் பதியம் என்கிற சில்லு ஒன்றை வைத்துவிடுகிறோம். அரிசி மணி அளவுதான் இருக்கும். அது திறந்திருக்கிற வரைக்கும் படித்ததெல்லாம் மண்டையில் நிற்கும். பட்டம் வாங்குகிற அன்று மூடிவிடுவோம். அதுவரை படித்தது போகாது, ஆனால் புதுப் பாடம் எதுவும் ஏறாது. பதியத்துக்குப் பழகிய மூளை, அது இல்லாமல் பாடத்தைப் பிடித்து வைக்க மறந்துவிடுகிறது. ஊர்க்கதை, சமையல், பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் வழக்கம்போல் ஏறும்.

மூடாமல் விட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு முதல் செட்டுக்காரர்களின் கதையைச் சொல்லுவேன். அவர்களுக்குப் பாடம் ஏற ஏற, பேரும் முகமும் இறங்கிப்போயின. ஒருவர் வாசலில் வந்து நின்ற சொந்த மகனைப் பார்த்து, "யாரைப் பாக்கணும் தம்பி?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் ஆளுக்கு ஒரு படிப்பு, ஒரு தடவை என்று சட்டம் போட்டார்கள்.

பட்டமளிப்புக்குப் பையன்கள் வைத்திருக்கிற பேர் காதுகுத்து. மூடுகிற ஊசி காதுப் பக்கம் போகும்போது தாய்மாமன் மடியில் உட்காராத குறைதான். வெளியே பிரியாணி தயாராக இருக்கும். எல்லோரும் சிரித்துக்கொண்டே மூடிக்கொள்ளுவார்கள்.

உலகம்மை வந்தது ஆடிக் காற்று ஊரைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில். நாற்பது வயது இருக்கும். ஆரல்வாய்மொழியில் ஒரு காற்றாலைக் கம்பெனியில் வேலை. எந்த நேரத்தில் எவ்வளவு காற்று வரும் என்று முன்கூட்டிச் சொல்லுகிற பிரிவு. மறுதிறப்புக் கேட்டு, அதாவது மூடிய பதியத்தை மறுபடி திறக்கச் சொல்லி வந்திருந்தாள். சட்டப்படி காலையில் குறை கேட்பேன், அதைப் பதிவு செய்வதில்லை. மத்தியானம் வாய்மொழித் தேர்வு, அது கேமரா முன்னால். தேறாதவர்களுக்குப் பேர் பதியாதவர். பதியாமல் போனது பல்கலைக்கழகத்தின் குற்றம் என்று ஆகும், பட்டத்தை ரத்து செய்து, பதியத்தைத் திறந்து, மறுபடி பெஞ்சில் உட்கார வைத்தாக வேண்டும். வேண்டுமென்றே தோற்க வருகிறவர்களைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவதுதான் என் வேலை.

"உங்க குறை என்னம்மா?"

"படிச்சது எதுவும் நிக்கல சார். பூரா போயிட்டு."

"நியூட்டனோட மொத விதியச் சொல்லுங்க."

அவள் மோட்டுவளையைப் பார்த்தாள். "நியூட்டனா சார்? ஆப்பிள் விழுந்துச்சே, அவருதானே?"

நான் பேனாவை மூடி வைத்தேன். "யாருக்கும்மா காது குத்துதே? கம்பெனியில காத்துக் கணக்கு பூரா நீ போடுத. அங்கன ஆப்பிளை வச்சா போடுத?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்தபோது முகம் வேறாக இருந்தது.

"நெசத்தச் சொன்னா வெளிய அனுப்பிருவீங்களா சார்?"

"பொய்யச் சொன்னாலும் அனுப்பத்தான் போறேன். நெசத்தச் சொல்லு, கேக்கவாவது நல்லாருக்கும்."

"எங்க செட்டுல எல்லாரும் அஞ்சாவது யூனிட்டை சாய்ஸ்ல விட்டோம். நாலு யூனிட்டை முழுசாப் படிச்சா போதும், அஞ்சாவதுல வார கேள்விக்குப் பதிலா வேற எழுதிக்கிடலாம்லா. ரேங்க் கூட வாங்கினேன் சார், அந்த யூனிட்டைத் திறக்காமலே."

"ஊரே விடும்," என்றேன். நானும் விட்டவன்தான். நான் பாடம் நடத்த வந்த பிறகும் அதே நாலு யூனிட்தான். தெரியாததை எங்கே போய் நடத்துவது?

"அதுல என்ன இருந்துச்சுன்னு தெரியுமா சார்? காலம் ஏன் முன்னால மட்டும் போவுதுங்கதுதான் அந்த யூனிட்டே. போன வருசம் எம் மவ கேட்டா. டீயில பால் ஊத்தினா கலக்குது, ஏம்மா திரும்பப் பிரிய மாட்டேங்குன்னு. பொஸ்தகத்தத் தேடி எடுத்தேன். படிச்சேன். புரிஞ்சிட்டு சார். அடுப்புல பால் பொங்கி வழியுது, அது கூடத் தெரியாம நிக்கேன். அப்படி ஒரு சந்தோசம். காலையில அவளுக்குச் சொல்லலாம்னு வாயத் தொறந்தா ஒண்ணுமே இல்ல." அவள் தன் நெற்றியைத் தட்டினாள். "புரிஞ்சது நெனவிருக்கு. என்ன புரிஞ்சதுன்னு தெரியல."

"திரும்பப் படிக்க வேண்டியதுதானே?"

"தெனமும் படிக்கேன். தெனமும் மொதப் பக்கந்தான் சார்."

எனக்கு எரிச்சலாக வந்தது. அவள் மேலா, என் மேலா என்று தெரியவில்லை. பட்டம் போனால் வேலை போகும் என்றேன். தெரியும் என்றாள். இந்த வயதில் திறந்தால் பேரும் முகமும் போகலாம், முதல் செட்டுக்காரர் கதை தெரியுமா என்றேன். அதுவும் தெரியும் என்றாள்.

"மவ பேரக் கையில பச்சை குத்திக்கிடுதேன் சார்."

"கிறுக்கா உனக்கு? பேர வாசிச்சிட்டு, இது யாரு பேருன்னு அவகிட்டயே கேப்ப."

சன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டது. பிறகு மெதுவாகக் கேட்டாள். "சார், உங்களுக்குத் திரும்பப் போய் பெஞ்சுல உக்காரணும்னு எப்பவாவது தோணிருக்கா?"

தோன்றியதே இல்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால், மத்தியானம் வா என்று எழுந்துவிட்டேன்.

சாப்பிட வீட்டுக்குப் போனேன். என் மனைவி பகவதி தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்திருந்தாள். கூட இஞ்சிப் பச்சடி. வழக்கமாக நான் பேசாமல் சாப்பிட்டால் உப்பு சரியில்லையோ என்று பகவதி ருசி பார்ப்பாள். அன்றைக்குக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். உலகம்மை சொன்னதையெல்லாம் சொன்னேன்.

"கேக்குத புள்ளைக்குக் குடுத்துட்டுப் போங்களேன். உங்கப்பன் வீட்டுச் சொத்தா?"

"அவளுக்குப் பேரெல்லாம் மறந்து போச்சுன்னா யாரு பொறுப்பு?"

"அவ பயந்தா நீங்க பயப்படலாம். அவ பயப்படலையே. எனக்கெல்லாம் இப்படி ஒண்ணு மேல ஆச வந்ததே இல்லங்க. வந்தவளப் பாத்தா பொறாமையா இருக்கு." இன்னொரு கரண்டி சொதியை ஊற்றினாள். "நீங்களும் ஒரு காலத்துல இப்படித்தான் இருந்தீங்க. பொண்ணு பாக்க வந்த அன்னைக்குக் காப்பித் தம்ளர வச்சு ஏதோ வெளக்கம் சொன்னீங்க. ஒண்ணும் புரியல. இவரத்தான் கெட்டணும்னு எங்கம்மாகிட்ட சொன்னேன்."

அப்படி ஒன்று நடந்ததாகவே எனக்கு நினைவில்லை. சாப்பிட்டு முடிப்பதற்குள் உலகம்மையைத் தோற்க விட்டுவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். தேர்வு அறைக்குப் போகிற வழியில், வராந்தாவில் அவளைத் தாண்டும்போது நிற்காமல் சொன்னேன். "ஆப்பிள் கதையெல்லாம் வேண்டாம். தெரியாதுன்னு மட்டும் சொல்லு. கேமரா பாத்துக்கிட்டு இருக்கும்."

அவள் கையெடுத்துக் கும்பிட்டதை நான் பார்க்காத மாதிரி போய்விட்டேன்.

தேர்வு நன்றாகத்தான் போனது. நன்றாக என்றால் மோசமாக. வெப்பம் பற்றிக் கேட்டேன், தெரியாது சார் என்றாள். ஒளி பற்றிக் கேட்டேன், தெரியாது சார் என்றாள். ஒவ்வொரு தடவையும் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். பதில் உதடு வரைக்கும் வந்து திரும்பிப் போவது எனக்குத் தெரிந்தது. இருமல் வந்த பிள்ளை பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் அடக்கிக்கொண்டு நிற்குமே, அப்படி நின்றாள். கேமராவின் சிவப்பு விளக்குக்கு அது தெரியாது.

கடைசிக் கேள்விக்கு ஒரு முறை உண்டு. முதல் வரியைத் தேர்வாளர் பலகையில் எழுதித் தொடங்க வேண்டும், வந்தவர் முடிக்க வேண்டும். இருப்பதிலேயே எளிதானதை எடுத்தேன். சுருள்வில்லில் ஒரு எடையைத் தொங்கவிட்டு, இழுத்துவிட்டால் என்ன ஆகும்? பிளஸ் டூ பிள்ளைக்குத் தெரிந்தது. இதுவும் தெரியாது என்று அவள் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. வில்லை வரைந்தேன், எடையை வரைந்தேன், எத்தனையோ வருடமாக எழுதி எழுதிக் கைக்கே மனப்பாடமான அந்தச் சமன்பாட்டின் முதல் வரியை எழுதினேன். சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுத் திரும்பினேன்.

அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைப்பைச் சுற்றிய விரல் நின்றுவிட்டது.

"சொல்லுங்கம்மா. தெரியாட்டி தெரியாதுன்னு சொல்லுங்க."

"சார்."

"தெரியாதா?"

"மைனஸ் சார்."

எனக்குப் புரியவில்லை.

"மைனஸ் விட்டுட்டீங்க. அது இல்லாட்டி எப்படி சார்? அந்த மைனஸ்தான அதத் திரும்பி வரச் சொல்லுது. நீங்க எழுதினபடி பாத்தா போனது போய்க்கிட்டேல்லா இருக்கும், வீட்டுக்கு வரவே வராது." சொல்லிக்கொண்டே பலகைக்கு வந்து, கீழே கிடந்த சாக்பீஸை எடுத்து அந்தச் சின்னக் கோட்டைப் போட்டாள். அதோடு நிற்கவில்லை. அடுத்த வரி, அதற்கடுத்த வரி என்று கடைசி வரைக்கும் எழுதினாள். தேர்வு அறையில் நிற்கிற நினைப்பே அவளுக்கு இல்லை. அவ்வளவு அழகான கையெழுத்தை நான் பலகையில் பார்த்து வருடக்கணக்கு ஆகிறது.

முடித்துவிட்டுத் திரும்பியவள் சிவப்பு விளக்கைப் பார்த்தாள். சாக்பீஸ் கையோடு வாயைப் பொத்தினாள். கன்னமெல்லாம் வெள்ளை ஒட்டிக்கொண்டது.

வராந்தாவில் என்னை மறித்தாள். "வேணும்னே விட்டீங்களா சார்? பொறி வச்சீங்களா?"

"இல்லம்மா. உன்னைய விட்டுரணும்னுதான் வந்தேன். அது நெசமாவே விட்டுப்போச்சு."

"பொறின்னு சொல்லிருந்தீங்கன்னா உங்கள நல்லா வஞ்சிட்டுப் போயிருப்பேன். இப்ப யார வைய?" சுவரில் சாய்ந்து நின்றாள். "நுணலும் தன் வாயால் கெடும்னு எங்கம்மா சொல்லிக்கிட்டே இருப்பா. ஒரே ஒரு நிமிசம் வாய மூடிருக்கக் கூடாதா நான்? அது தப்பா நிக்குது சார் பலகையில. எப்படி சார் பாத்துக்கிட்டு இருக்க?"

அழுதாள். நான் தண்ணீர் கொண்டுவரப் போனேன். திரும்பி வந்தபோது அவள் இல்லை.

முடிவு வந்த அன்று பதிவாளர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பேசின அம்மாள் குரலில் குழைவு அதிகமாக இருந்தது, அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது.

"அந்த உலகம்மை கேஸ் தள்ளுபடி ஆயிட்டு சார். அவங்களுக்கு ரொம்ப நல்லாப் பதிஞ்சிருக்கு. இனிமே மனுப் போட முடியாது. அப்புறம், ஒங்க பதிவையும் போட்டுப் பாத்தாங்க."

"என் பதிவையா?"

"பழைய தேர்வு எல்லாத்தையும் சேத்துத்தான் சார். பலகையில நெறைய எடத்துல தப்பு இருக்காம். நீங்க பாக்கல, வந்தவங்களும் பாக்கல. அந்தம்மா சொன்னதாலதான் வெளிய வந்துச்சு. நீங்கதான் சார் பதியாதவர். வார திங்கக்கெழமை ஒங்களுக்கு மறுதிறப்பு."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "அந்த எடத்த அந்தம்மாவுக்குக் குடுத்துருங்க."

"பந்தியில எல மாத்துத மாதிரி மாத்த முடியாது சார். வேண்டாம்னா வேண்டாம்னு எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்துவிடுவது என்றுதான் இருந்தேன். அதற்கு முன்னால் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று ஆரல்வாய்மொழிக்குப் பஸ் ஏறினேன். ஏன் போனேன் என்று இப்போது கேட்டாலும் சொல்லத் தெரியாது. கம்பெனி வாசலில், காற்றாடிகளின் நிழல் தரையில் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருக்க, அவள் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். தள்ளுபடி ஆனதற்குத் தலையை ஆட்டினாள். எனக்குக் கிடைத்ததைச் சொன்னதும் முகம் சிவந்துவிட்டது.

"வேண்டாம்னு சொல்லப் போறீங்களா?"

"எனக்கு என்னத்துக்கும்மா? ரிட்டையர் ஆகப் போறவன். பயமாவும் இருக்கு."

"எனக்கும் பயமாத்தான் சார் இருந்துச்சு." குரல் உயர்ந்தது. வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார். "தெனமும் பசியோட கெடக்கவ முன்னால எலையப் போட்டு, சோத்தையும் வச்சு, நான் சாப்பிட மாட்டேன்னு எந்திரிச்சுப் போறீங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், போய்ப் படிங்க. படிச்சிட்டு வந்து எனக்குச் சொல்லுங்க. ராத்திரி வரைக்குமாவது எங்கிட்ட இருக்கட்டும்."

பஸ் வந்தது. ஏறப்போகும்போது பின்னாலிருந்து சொன்னாள். "சார், அஞ்சாவது யூனிட்ட மட்டும் சாய்ஸ்ல விட்டுராதீங்க."

பகவதிக்குச் சொன்னபோது அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையிலிருந்த கட்டை முழுதாக ஆய்ந்து முடித்தாள். "போங்க," என்றாள் கடைசியில். "எம் பேரு மறந்துபோச்சுன்னா அடுப்படிக்கு வந்து கேளுங்க. நான் வேற எங்க போயிரப் போறேன்?" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்று குழம்பில் உப்பு இல்லை.

திறந்தார்கள். பேரன் வயசுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்தேன். முதல் சில நாள் கூச்சமாக இருந்தது, பிறகு என்னையறியாமல் முன்பெஞ்சுக்குப் போனேன். படித்தது நின்றது. எத்தனையோ வருடம் கழித்து மண்டைக்குள் யாரோ விளக்கைப் போட்ட மாதிரி இருந்தது. விட்டுப்போன மைனஸெல்லாம் தன் தன் இடத்துக்கு வந்து சேர்ந்தன. வாரக் கடைசியில் ஒரு நர்ஸ் வந்து வீட்டில் உள்ளவர்களின் பேரைக் கேட்பாள், நான் சரியாகச் சொல்லுவேன். மாசக் கடைசியில் ஐந்தாவது யூனிட்டை ஆரம்பித்தார்கள்.

சனிக்கிழமை தோறும் தூக்குச்சட்டியில் சோறு கட்டிக்கொண்டு ஆரல்வாய்மொழிக்குப் போவேன். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் உலகம்மைக்குப் பாடம். மேசையில் அவள் மகள் போட்டோ இருக்கும், அதன் பக்கத்தில் டீத் தம்ளரை வைத்துத்தான் ஆரம்பிப்பேன். ஒவ்வொரு வாரமும் முதலில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

"பாலு, டீ ரெண்டுலயும் ஒவ்வொரு துளியும் தனித்தனியாத் திரும்பி வரலாம். நம்ம மைனஸ் அதுக்கு வழி விட்டிருக்கு. ஆனா எல்லாம் ஒரே நேரத்துல, ஒண்ணு விடாம, பழைய எடத்துக்கு வரணும்லா? வழி இருக்கு. நடக்க வாய்ப்புதான் இல்ல. அந்த வாய்ப்பு இல்லாததைத்தான் நாம காலம்ங்கோம்."

அவள் முகத்தில் அது வந்து விழும் நொடியைப் பார்க்கவே நான் அத்தனை தூரம் பஸ்ஸில் போவேன். கண் விரியும். "அட," என்பாள். போன வாரமும் இதே இடத்தில் இதே "அட"தான்.

அன்றைக்கும் அப்படித்தான் ஆனது. சிரித்த முகத்தோடு தூக்குச்சட்டியைத் திறந்து மோந்து பார்த்தாள். "சொதியா சார்? பகவதி அக்கா எப்படி இருக்காங்க?"

"எந்தப் பகவதி?" என்றேன்.

சட்டியின் மூடி அவள் கையிலேயே இருந்தது. வெளியே காற்றாடிகள் சுற்றுகிற சத்தம் கேட்டது. ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று மட்டும் எனக்குத் தெரிந்தது, என்ன என்று தெரியவில்லை. சொதி வாசனை வந்தது. அதற்குப் பிறகு அடுப்படி நினைவுக்கு வந்தது. அப்புறம் ஆய்ந்த கீரை. கடைசியில்தான் பகவதி வந்தாள்.

"நல்லாருக்கா," என்றேன்.

உலகம்மை மகளின் போட்டோவைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். போதும் சார், இதோட விட்டுருங்க என்று சொல்லுவாள், அதைக் கேட்டுக்கொண்டு எழுந்துவிடலாம் என்று காத்திருந்தேன். அவள் மூடியைக் கீழே வைத்தாள், டீத் தம்ளரை என் பக்கம் நகர்த்தினாள்.

"அந்தக் கடைசி வரிய இன்னொரு தடவ சொல்லுங்க சார்," என்றாள். "ராத்திரிக்குள்ள போயிரும்."